என் சிறுநீரகத்தை வேண்டாம் என்றார்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, தவக்காலம் ஆரம்பித்திருந்த சமயம். கோவையில் ஒரு மருத்துவமனையின் சிறுநீரகப் பிரிவில் டாக்டருக்கு எதிரே உட்கார்ந்துகொண்டு, "என்னோடதை எடுத்துக்குங்க டாக்டர், நான் குடுக்கறனுங்க" என்று சொன்னேன். சொல்லும்போது மனதுக்குள் எவ்வளவு பெருமை! அந்தப் பெருமை ஈஸ்டர் வரைக்கும்கூடத் தாங்கவில்லை.

எங்களுக்குக் கருமத்தம்பட்டி. என் கணவர் சொந்தமாகச் சில விசைத்தறிகள் போட்டு கூலிக்கு நெய்து கொடுக்கிறவர். நல்ல உழைப்பாளி. காய்ச்சல் என்று படுத்துப் பார்த்ததே இல்லை. ஒருமுறை எங்கள் பங்குக் கோயில் மண்டபத்தில் மருத்துவ முகாம் நடந்தபோது, சும்மா போய்க் கையை நீட்டியவருக்கு ரத்த அழுத்தம் கூடுதலாக இருப்பதாகச் சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சில மாதங்கள் ஒழுங்காகச் சாப்பிட்டார். அப்புறம், "தலை சுத்தல, நெஞ்சு வலிக்கல, எனக்கெதுக்கு மாத்தர?" என்று நிறுத்திவிட்டார். நானும் ஒன்றும் சொல்லவில்லை. மாத்திரை இல்லாமல் இருப்பதுதானே ஆரோக்கியம் என்று நினைத்தேன்.

வருடங்கள் ஓடின. பொழுதோடு தறியை நிறுத்திவிட்டு வருகிறவருக்குக் கால் வீங்கியிருந்தது. நின்றுகொண்டே வேலை செய்வதால் என்றோம். காலையில் பல் துலக்கும்போது குமட்டியது. பித்தம் என்றோம். மாடிப்படி ஏறமுடியாமல் மூச்சு வாங்கியபோதுதான் டாக்டரிடம் போனோம். அதற்குள் இரண்டு சிறுநீரகமும் பெரும்பாலும் செயலிழந்திருந்தன.

"சர்க்கரையே இல்லீங்களே, எப்படீங்க கிட்னி போகும்?" என்று கேட்டார் என் கணவர்.

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். "தோட்டத்துல சொட்டு நீர்ப் பாசனம் போட்டிருக்கறதைப் பாத்திருப்பீங்க. மோட்டார் பிரஷர் கூடிப்போனா பில்டர் என்ன ஆகும்? கிட்னியில லட்சக்கணக்குல பில்டர் இருக்கு. வருஷக்கணக்கா பிரஷர் இடிச்சுக்கிட்டே இருந்தா அது கொஞ்சம் கொஞ்சமா கெட்டுப்போயிரும். கெட்ட கிட்னி தன் பங்குக்குப் பிரஷரை இன்னும் ஏத்திவிடும். ஒண்ணு இன்னொண்ணைக் கெடுத்துக்கிட்டே போகும். வலியே இருக்காது."

டயாலிசிஸ் ஆரம்பித்தது. ஊசி குத்திக் குத்திக் கை தடித்துப்போன மனுசனைப் பார்க்கச் சகிக்கவில்லை. மாற்றுச் சிறுநீரகம்தான் வழி என்று டாக்டர் சொன்ன அந்த நிமிடத்தில்தான் நான் முந்திக்கொண்டு சொன்னேன். எங்கள் இருவருக்கும் ஒரே ரத்த வகை.

ஏன் முந்திக்கொண்டேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கணவர் மேல் ஆசை, பயம் எல்லாம் உண்டுதான். ஆனால் இன்னொன்றும் இருந்தது. என் நாத்தனார்.

என் கணவருக்கு ஒரே அக்கா. கணவரின் அக்காவை எங்கள் பக்கம் 'நங்கை' என்றுதான் கூப்பிடுவோம். சிங்காநல்லூரில் இருக்கிறார். பள்ளிக்கூடத்துச் சத்துணவு அமைப்பாளர். நூறு பிள்ளைகளை ஒரே அதட்டலில் வரிசையில் உட்கார வைக்கிற குரல். அம்மா சின்ன வயதிலேயே போய்விட்டதால், தம்பியைக் குளிப்பாட்டி, தலை சீவி வளர்த்தவர் அவர்தான். அதனால் என் வீட்டுக்காரருக்கு எதுவானாலும் முதலில் அக்கா. வீட்டுக்கு என்ன நிறம் அடிக்கலாம் என்பது அக்காவைக் கேட்டு. மகள் எந்தக் கல்லூரியில் சேர்வது என்பது அக்காவைக் கேட்டு. நான் வைத்த மீன் குழம்பு நன்றாக இருந்தால், "அக்கா வெக்கறாப்பலயே இருக்குது" என்பார். அதைப் பாராட்டு என்று நினைத்துச் சொல்வார், பாவம். கல்யாணமாகி இருபது வருடத்துக்கு மேல் ஆகியும் அந்த வீட்டில் நான் இரண்டாவது ஆள் என்ற எண்ணம் எனக்குப் போனதே இல்லை.

சிறுநீரகம் கொடுத்தால் அந்த எண்ணம் போய்விடும் என்று நினைத்தேன். அக்கா சோறு ஊட்டியிருக்கலாம். உயிரைக் கொடுத்தவள் நான்தானே?

டாக்டரிடம் நான் சொன்ன அன்று சாயங்காலமே என் கணவர் அக்காவுக்குப் போன் போட்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் நங்கை வந்து நின்றார். வந்ததும் வராததுமாக, "அம்மணி, நானும் டெஸ்ட் எடுத்துக்கறேன். எதுக்கும் ஒண்ணுக்கு ரெண்டா இருக்கட்டும்" என்றார்.

"எதுக்குங்க நங்கை உங்களுக்குச் சிரமம்? நான்தான் இருக்கறனே" என்றேன். மரியாதையாகத்தான் சொன்னேன். உள்ளே, இதிலும் பங்குக்கு வந்துவிட்டாரே என்று எரிந்தது.

பரிசோதனைக்குப் போனோம். நர்ஸ் பெண் என் கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தாள். முகம் மாறியது. கொஞ்சம் உட்காரச் சொல்லி மறுபடி பார்த்தாள். அடுத்த கையில் பார்த்தாள். "டென்ஷனா இருக்கீங்களாக்கா?" என்றாள். ஆமாம் என்றேன். பக்கத்து நாற்காலியில் நங்கை உட்கார்ந்திருந்தால் டென்ஷன் வராதா? பிறகு ஒரு கருவியைக் கையில் கட்டி வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் மாவாட்டும்போதும், துணி காயப்போடும்போதும், தூங்கும்போதும் அது பாட்டுக்கு இறுக்கி இறுக்கி அழுத்தத்தைக் குறித்துக்கொண்டது. சிறுநீர்ப் பரிசோதனையும் எடுத்தார்கள்.

முடிவு வந்த அன்று டாக்டரம்மா என்னையும் என் கணவரையும் உள்ளே கூப்பிட்டார்.

"நீங்க குடுக்க முடியாதுங்கம்மா. உங்களுக்கே பிரஷர் இருக்கு. புதுசா வந்த மாதிரி தெரியல. யூரின்ல புரதம் கசியுது. உங்க கிட்னி அடி வாங்க ஆரம்பிச்சிருச்சு."

"எனக்கு ஒரு தலைவலிகூட வந்ததில்லீங்க டாக்டர்!"

அவர் என் கணவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்க வீட்டுக்காரரும் இதையேதானே சொன்னாரு?"

ஆரம்பத்திலேயே தெரிந்தது நல்லது, மாத்திரை சாப்பிட்டு உப்பைக் குறைத்தால் காப்பாற்றிவிடலாம், கட்டாயம் விடக்கூடாது என்றெல்லாம் டாக்டர் சொல்லிக்கொண்டே போனார். என் காதில் விழுந்ததெல்லாம் 'நீங்க குடுக்க முடியாது' மட்டும்தான். வெளியே வந்ததும் என் கணவர் என் தோளைத் தொட்டு, "வெசனப்படாத கண்ணு. நல்லவேளை, இப்பவே தெரிஞ்சுது" என்றார். சொல்லிவிட்டு நடைபாதையின் ஓரத்துக்குப் போய்ப் போனை எடுத்தார். யாருக்கு என்று நான் பார்க்கவேண்டிய அவசியமே இல்லை.

நங்கைக்கு எல்லாச் சோதனையும் சொல்லி வைத்தாற்போல் சரியாக வந்தது. என்னைவிடப் பத்து வயது மூத்தவர். ஆனால் ரத்த அழுத்தம் அளந்து வைத்த மாதிரி இருந்தது. ஸ்கேன் பார்த்துவிட்டு, "இந்த வயசுல இப்படியொரு கிட்னி பாக்கறது அபூர்வம்" என்று ஒரு சின்ன டாக்டர் சொன்னார். நங்கை வெட்கப்பட்டுச் சிரித்தார். அடுத்த சோதனையிலாவது ஏதாவது ஒரு கோளாறு வரட்டும் என்று ஒரு நொடி எனக்குத் தோன்றியது. வந்தால் என் கணவருக்குச் சிறுநீரகமே கிடைக்காது என்பது அதற்கடுத்த நொடியில்தான் உறைத்தது. அன்று கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். எதற்காக அழுதேன் என்று கேட்டால், இப்போதும் என்னால் ஒரே காரணம் சொல்ல முடியாது.

நங்கையின் மகனுக்கு அம்மா கொடுப்பதில் அரை மனதுதான். "உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா?" என்று கேட்டானாம். "எந்தம்பி எனக்கு மொதப் பிள்ளைடா. நீ ரெண்டாவது" என்றாராம். அவன் அதை எங்களிடம் சொல்லிச் சிரித்தபோது, என் வயிறு மட்டும் பற்றிக்கொண்டு எரிந்தது.

ஈஸ்டர் முடிந்து அறுவை சிகிச்சை நடந்தது. நல்லபடியாக முடிந்தது என்று வந்து சொன்னபோது தரையிலேயே முழங்கால் போட்டேன். முகக்கவசம் மாட்டி, கால் உறை போட்டு, என் கணவரைப் பார்க்க என்னை உள்ளே விட்டார்கள். பாதி மயக்கத்தில் இருந்தார். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். உதடு அசைந்தது. குனிந்தேன்.

"அக்கா எப்படி இருக்குது?"

நன்றாக இருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தேன். அங்கிருந்து நங்கையைப் பார்க்கப் போனால் அவர் வலியில் முகத்தைச் சுளித்துக்கொண்டு, "அவனுக்கு ஒண்ணுக்கு வந்துச்சா?" என்று கேட்டார். புதுச் சிறுநீரகம் வேலை செய்கிறதா என்பதற்கு அதுதானே அடையாளம். வந்துவிட்டது என்றதும் அவர் கண்ணிலிருந்து வழிந்த நீர் காதுக்குள் இறங்கியது. துடைத்துவிட்டேன். அந்தப் படுக்கைக்கும் இந்தப் படுக்கைக்கும் சேதி சுமந்துகொண்டு நடந்தபோது, நான் இந்தக் குடும்பத்தில் யார் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு எங்கு போனாலும் நங்கை பேச்சுதான். சொந்தக்காரர்கள் எங்கள் வீட்டுக்கு ஒரு டஜன் ஆரஞ்சோடு வந்தால், சிங்காநல்லூருக்குக் கூடையோடு போனார்கள். "கூடப்பொறந்த பாசம்னா அதுதாங்க" என்று என் முகத்துக்கு நேராகவே சொன்னார்கள். என் மகள் சரவணம்பட்டியில் கல்லூரி விடுதியில் இருந்தாள். அவளுடைய வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அத்தை படம். 'என் ஹீரோ' என்று கீழே எழுதியிருந்தாள். அப்பாவை இத்தனை காலம் டயாலிசிஸுக்குக் கூட்டிக்கொண்டு அலைந்தவளின் படம் எதுவும் அவளிடம் இல்லையா என்று கேட்க நினைத்தேன்.

நங்கை தேறி எங்கள் ஊர்ப் பூசைக்கு முதன்முதலாக வந்த ஞாயிறு, பங்குத்தந்தை மறையுரையில் அவரைப் பற்றிப் பேசினார். தன் உடலையே பிட்டுக் கொடுத்த சகோதரி என்றார். கோயிலே திரும்பிப் பார்த்தது. நங்கை முக்காட்டை இழுத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த என்னை யாரும் பார்க்கவில்லை. நற்கருணை வாங்கப் போகவே எனக்கு மனம் வரவில்லை. கால் வலி என்று சொல்லிப் பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கிடையில் எனக்குக் கொடுத்த மாத்திரைகளை நான் சாப்பிடவே இல்லை. முதலில் மறதி. பிறகு ஒருவிதமான வீம்பு. வேண்டாம் என்று ஒதுக்கிய சிறுநீரகத்தைக் காப்பாற்றி யாருக்கு என்ன ஆகப்போகிறது? மருந்துக் கடையில் வாங்கிய அட்டைகளை அப்படியே அடுப்படி அலமாரியில் டப்பாக்களுக்குப் பின்னால் போட்டுவைத்தேன். கணவருக்கு உப்பில்லாமல் தனியாகச் சமைத்துவிட்டு, எனக்கு ஊறுகாயும் கருவாடுமாக வைத்துக்கொள்வேன். என் கணவர் கேட்டால், "போட்டுட்டனுங்க" என்பேன்.

ஒருநாள் நங்கை வந்திருந்தார். ரசம் வைக்கிறேன் என்று அவரே அடுப்படிக்குள் போனார். எங்கள் வீட்டில் அவருக்கு உத்தரவு தேவையில்லை. பெருங்காயம் தேடி டப்பாக்களை நகர்த்தியவர் அப்படியே நின்றுவிட்டார். திரும்பியபோது அவர் கையில் பிரிக்காத மாத்திரை அட்டைகள்.

"இதென்ன அம்மணி?"

அவர் கூடத்துக்குப் போய்த் தன் பையிலிருந்து ஒரு ரத்த அழுத்தக் கருவியை எடுத்து வந்தார். ஒற்றைச் சிறுநீரகத்தோடு இருப்பதால் அவரும் அழுத்தத்தைக் கவனித்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். போகிற இடத்துக்கெல்லாம் கொண்டுபோவார் போல. என்னை உட்காரவைத்துக் கையில் பட்டையைச் சுற்றினார். எண்கள் ஏறி ஏறி நின்றன. என் கணவருக்கு முகாமில் பார்த்ததைவிட அதிகம்.

நங்கை அப்படியே என் காலடியில், அடுப்படித் தரையில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அழுதார். அவர் சத்தமாக அழுது நான் பார்த்ததில்லை.

"எங்கிட்ட இருந்ததே ரெண்டுதான். ஒண்ணை அவனுக்குக் குடுத்துபோட்டேன். மிச்சம் ஒண்ணுதான் இருக்குது. நாளைக்கு உனக்கும் போயிருச்சுன்னா, நான் எங்க கண்ணு போவேன் உனக்குக் குடுக்கறதுக்கு?"

எனக்கு முதலில் அது சரியாகப் புரியவில்லை. பிறகு புரிந்தது. என்னால் கொடுக்க முடியாது என்று டாக்டர் சொன்ன அன்றே, தம்பியோடு சேர்த்து எனக்கும் என்ன செய்வது என்று இந்த மனுசி கணக்குப் போட்டிருக்கிறார். கொடுக்க முடிந்தால் அந்த மிச்சம் ஒன்றையும் எனக்கே கொடுத்திருப்பார். நான் அவரை எதிரே நிறுத்தி வைத்திருந்த காலமெல்லாம் அவர் என்னைத் தன் பக்கத்தில் நிறுத்தி வைத்திருந்திருக்கிறார்.

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "எனக்கு உங்களைப் பாத்தாப் பொறாமையா இருக்குதுங்க நங்கை" என்று சொல்லிவிட்டேன். சொன்னபிறகு தரை பிளந்து உள்ளே போய்விடக்கூடாதா என்று இருந்தது.

அவர் முந்தானையால் மூக்கைத் துடைத்தார். "அது தெரியும் போ. நீ வாக்கப்பட்டு வந்த அன்னைக்கிருந்து தெரியும்."

"தெரிஞ்சுமாங்க...?"

"இருந்துட்டுப் போகுது. யாருக்குத்தான் இல்ல? பொறாமப்படு, வேண்டாங்கல. மாத்தரைய முழுங்கிபோட்டுப் பொறாமப்படு!"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. டம்ளரில் தண்ணீர் மொண்டு கையில் கொடுத்தார். நான் விழுங்கும்வரை சத்துணவுக் கூடத்துப் பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் அவரே என்னை டாக்டரிடம் இழுத்துப்போனார். டாக்டரம்மா என்னைத் திட்டிவிட்டு, வேறு மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஊறுகாய் ஜாடி வீட்டைவிட்டுப் போனது. அந்த வருடம் முடிவதற்குள் சிறுநீரில் புரதக் கசிவு நன்றாகக் குறைந்தது. அடி வாங்கியது வாங்கியதுதான், ஆனால் அதற்கு மேல் போகாமல் பிடித்து நிறுத்தியிருக்கிறோம் என்றார் டாக்டர். என் கணவர் மறுபடி தறிச் சத்தத்துக்குள் போய்விட்டார். இப்போது அவருக்கும் அழுத்த மாத்திரை ஒருநாள் தவறுவதில்லை.

பொறாமை போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஞாயிறுதோறும் நங்கையும் நானும் போனில் அவரவர் ரத்த அழுத்தத்தைச் சொல்லிக்கொள்வோம். அவருடையது எப்போதும் என்னுடையதைவிடக் குறைவாகவே இருக்கும். அதுவும் அப்போது மாத்திரையே இல்லாமல்! எனக்குக் கடுப்பாக இருக்கும். எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதுவரை மனதில் வைத்துக்கொள்வேன்.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிறு, முதன்முறையாக என்னுடையது குறைவு. குதித்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று என் கணவரிடம் சொல்லக்கூட வாயெடுத்தேன். அப்போதுதான் பொறி தட்டியது. அதற்கு முந்தைய வாரங்களில் அவர் சொன்ன எண்களை நினைவுக்குக் கொண்டுவந்தேன். கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டே வந்திருந்தன. ஒவ்வொரு வாரமும் சிறிது சிறிதாக ஏறியதால் அவருக்கே தெரியவில்லை. இருப்பது ஒரே ஒரு சிறுநீரகம்.

உடனே கூப்பிட்டேன். "நங்கை, நாளைக்கே டாக்டரைப் பாக்கறோமுங்க. நான் வாரேன்."

"அட, ஸ்கூல்ல ஆய்வுக்கு வாராங்கன்னு கொஞ்சம் பதட்டம். வேற ஒண்ணுமில்ல கண்ணு. தலைவலிகூட இல்ல."

"அந்தக் கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாமுங்க" என்றேன். அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை.

நல்ல நேரத்தில் வந்தீர்கள் என்றார் டாக்டர். அழுத்தம் எட்டிப் பார்க்க ஆரம்பித்திருந்தது, சிறுநீரகத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. சின்னதாக ஒரு மாத்திரை. அவ்வளவுதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் நங்கை என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்படிக் கண்டுபிடிச்சே?" என்றார். உங்களைத் தோற்கடிக்கத்தான் ஒவ்வொரு வாரமும் எண்ணிக்கொண்டிருந்தேன் என்று சொன்னேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கிற மாதிரி சிரித்தார்.

இப்போது அந்த மாத்திரைக்குப் பிறகு அவருடைய எண் மறுபடி என்னுடையதைவிடக் கீழே போய்விட்டது. எனக்கு இன்னமும் பொறாமைதான். ஆனால் ஞாயிறுதோறும் போனைக் காதில் வைக்கும்போது, இந்த வாரமும் நான் தோற்கவேண்டும் ஆண்டவரே என்று வேண்டிக்கொள்கிற பொறாமை அது.